வாசல் மரத்துக்கு முப்பதாம் எண்

கடித எண்: 114/மரம்
சனிக்கிழமை, காலை பத்து மணி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி கட்டிலில் படுத்தபடியே பணிவுடன் எழுதிக்கொள்வது.

பொருள்: ஓக் மரங்கள் – விழுந்தது, நோயுற்றது – அகற்றியது – அகற்றக் கூடாததையும் அகற்றியது – வீட்டைக் காலி செய்வது – தொடர்பாக.
பார்வை: போன வருடம் வாசலில் நின்றபடி தாங்கள் வாயால் சொன்ன உத்தரவு.

இங்கு நானும் இவளும் நலம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். இவள் மட்டும் நலம். எனக்கு இடது கணுக்கால் வீங்கிப்போய்ச் செருப்பு நுழைய மறுக்கிறது, மூக்குக் கண்ணாடி உடைந்து நான்கு நாளாகிறது, எனக்குக் கிட்டப்பார்வை என்பதால் இந்தக் காகிதம் தெரிகிறது, காகிதத்துக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தங்கள் நலம், தங்கள் மகன் நலம், பேத்தியின் பல் வலி ஆகியவற்றை அறிய ஆவல். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எனக்குப் பதில் எழுதத் தங்களுக்கு மனம் வருமா என்பது வேறு விஷயம்.

அக்கா, போன வருடம் தாங்கள் மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது, பெட்டி எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, திரும்பி வந்து வாசல் ஓக் மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு காரியம் சொன்னீர்கள். “வேற எந்த மரம் போனாலும் போகட்டும்டா. இது மட்டும் நிக்கணும்” என்றீர்கள். வரும் இருபதாம் தேதி மகனோடு வந்து பார்ப்பதாகவும், வீடும் வாசல் மரமும் நல்லபடியாக இருந்தால் நானும் இவளும் கடைசி வரை இங்கேயே இருக்கலாம் என்றும், இல்லாவிட்டால் மகன் சொல்வது போல் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு வழி பார்ப்பது என்றும் பேசி முடித்தோம். எங்களுக்கு இதை விட்டால் வேறு வீடு கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு ஓக் மரங்களையும் ஒரு வீட்டையும் பார்த்துக்கொள்வது, முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் ஊழியர்களின் பதவியும் மூப்பும் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஒருவனுக்கு எந்த மூலைக்கு என்று அன்றைக்கு நான் நினைத்தது உண்மை. அத்தான் உயிரோடு இருந்தபோதே எல்லா மரத்திலும் தகர வில்லை அடித்து எண் போட்டு வைத்திருந்தார். எனக்கு வேலையே இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம் காற்று அடித்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். முகம் முழுக்கச் சோப்பு. படபடவென்று ஒரு சத்தம் கேட்டது, திடீரென்று முதுகில் வெயில் பட்டது. குளியலறைக்குள் வெயில் வர வழியில்லையே என்று கண்ணைக் கழுவிப் பார்த்தால் மேற்குச் சுவரைக் காணவில்லை, அந்த இடத்தில் ஏழாம் எண் மரம் படுத்திருக்கிறது. வேரோடு சாய்ந்து, கிளையால் சுவரைத் தள்ளிவிட்டு, அடிமரம் மட்டும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடுவே பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு இலையால் கூட என்னைத் தொடவில்லை என்பதையும், அந்த நேரம் பாதையில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார் என்பதையும், அதன் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவள் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு அந்த மரத்தை அறுத்து எடுக்கச் சொன்னாள். நான் விடவில்லை. காரணம் தெரியாமல் விழுந்த மரத்தை விசாரணை முடியும் முன் அப்புறப்படுத்துவது எந்த விதியிலும் கிடையாது. ஆகவே ஏழாம் எண்ணைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்து, தாண்டிப் போவதற்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டோம். அந்தத் தடிமரத்தை அன்றைக்கே எடுத்திருந்தால் இன்றைக்கு என் கணுக்கால் எனக்கு உதவியிருக்கும். சரி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழாம் எண் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க மர டாக்டர் அம்மாவை வரவழைத்தேன். சின்ன வயது, அதிகம் பேசாதவர். கையில் ஒரு மரச் சுத்தியல். ஒவ்வொரு மரமாகப் போய்த் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பக்கத்திலேயே நின்றதால், போகிற போக்கில் என்னையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குள் பயம். கடைசியில் நான்கு மரங்களுக்கு நோய் என்றார். பட்டையில் கறுப்பாக நீர் வடிகிறது, கோடையிலேயே இலை ஓரம் கருகுகிறது, அடியில் காளான் பூத்திருக்கிறது, இந்த நோயை ஒரு வண்டு மரத்துக்கு மரம் தூக்கிக்கொண்டு போகிறது, அது போதாதென்று மண்ணுக்கு அடியில் வேரும் வேரும் ஒட்டிக்கொண்டு கைமாற்றிவிடுகின்றன என்றார். ஒரு மாதத்துக்குள் நான்கையும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு மரத்துக்கும் ரம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், நோய்ப் பட்டை இந்த இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, இங்கேயே எரித்துவிட வேண்டும் என்று சொல்லி, ஒரு தாளில் 9, 16, 23, 30 என்று நான்கு எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் இவள் பழைய சிவப்புப் படுக்கை விரிப்பு ஒன்றை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். “உங்களுக்காகத்தான்” என்றாள். கோப்புகளின் தூசி துடைக்க என்று நினைத்துக்கொண்டு, நல்ல பழக்கம் என்று பாராட்டினேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். டாக்டர் அம்மா கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பெரிய மரத்தைக் காட்டி, “இதுக்கு இருநூறு வயசுக்கு மேல இருக்கும், நல்லா பாத்துக்கோங்க” என்றார். பிறகு வாசலில் வண்டி ஏறும்போது வாசல் மரத்தைப் பார்த்து, “இது சின்னப் பிள்ளை, நாப்பதுதான் இருக்கும்” என்றார். அவர் போய்விட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருநூறு வயது மரத்தின் எண் பத்தொன்பது. நாற்பது வயது மரத்தின் எண் ஒன்று.

அக்கா, தாங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அலுவலகத்தில் எனக்கு நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவன், மேலதிகாரியைக் கண்டால் பல்லைக் காட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவன், அதனாலேயே ‘புன்சிரிப்பு’ என்று பெயர் வாங்கியவன், என்னைத் தாண்டிக் கண்காணிப்பாளர் ஆனான். பதினொரு மனு போட்டேன். பதினொன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. ஓய்வு பெறும் நாள் வரை ஒன்பது வருடம் அவன் மேசைக்கு முன்னால் நின்று ஐயா என்று கூப்பிட்டேன். அந்த வலி இன்னும் போகவில்லை அக்கா, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இருநூறு வருடமாக அந்த மரம் சமையலறைப் புகையைக் குடித்துக்கொண்டு வாய் திறக்காமல் பத்தொன்பதாம் இடத்தில் நிற்கிறது என்று தெரிந்ததும் பேனாவைக் கையில் எடுத்தேன். எனக்கு நடந்த அநியாயம் என் பொறுப்பில் இருக்கும் ஒரு மரத்துக்கு நடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் மூப்புப் பட்டியல் தயாரிக்கும் வேலை தொடங்கியது. சுற்றளவை வைத்து வயதைக் கணிப்பது என்று தீர்மானித்து, இவள் தையல் டேப்பைப் பிடித்து அளக்க, நான் எழுதிக்கொண்டேன். சில மரங்களில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. துணி காயப்போடக் கயிறு கட்டும் ஏற்பாடு என்று நினைத்து, எண் வில்லையை மறைக்காததால் விட்டுவிட்டேன். பணிநீக்கத்தில் இருக்கும் ஏழாம் எண்ணை நீக்கி மிச்சம் முப்பது. சமையலறை மரம் முதல் இடம். வாசல் மரம் எல்லாவற்றிலும் ஒல்லி, ஆகவே கடைசி, முப்பதாம் இடம். எனக்கே மனசு சங்கடப்பட்டது. ஆனால் பந்தபாசம் பார்த்தால் நிர்வாகம் பண்ண முடியாது. பட்டியலை ‘வரைவு’ என்று தலைப்பிட்டு, ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று குறிப்பு எழுதி, முப்பது நகல் எடுத்து ஒவ்வொரு மரத்திலும் ஒட்டினேன்.

இவள் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மரம் படிக்குமா?” என்றாள்.

“படிக்கிறதும் படிக்காததும் அதுங்க இஷ்டம். ஒட்டறது நம்ம கடமை” என்றேன்.

அவள் கிண்ணத்தோடு அடுத்த மரத்துக்கு நடந்தாள். சொல்லாமல் இருக்கும்போது இவள் எவ்வளவு சொல்கிறாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிகிறது. முப்பத்தோராவது நகலைத் தங்களுக்கு அனுப்பினேன், கிடைத்திருக்கும். குளியலறைச் சுவர் விழுந்த செய்தியை அந்தப் பட்டியலின் அடிக்குறிப்பில் தெரிவித்திருந்தேன். பதினைந்து நாளும் காத்திருந்தேன். நோட்டீசுகளில் இரண்டைப் பக்கத்து நிலத்து ஆடு தின்றது. ஒன்பதாம் எண் மரத்தின் நோட்டீசை ஒரு மரங்கொத்தி இரண்டு நாள் விடாமல் கொத்தியது. அதை ஆட்சேபனையாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு முழு மத்தியானம் யோசித்துவிட்டு, கையெழுத்து இல்லாததால் நிராகரித்தேன். தங்களிடமிருந்தும் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள். பதினாறாம் நாள் பட்டியலை இறுதி செய்து, அடுத்த நாள் ஏணி போட்டு ஏறி எல்லா வில்லைகளையும் கழற்றிப் புதிய வரிசைப்படி மாற்றி அடித்தேன். சமையலறை மரத்தில் ‘1’ என்று அடித்தபோது என் கண் கலங்கியது. இரண்டடி தள்ளி நின்று கை தட்டினேன். இவளையும் தட்டச் சொன்னேன். தட்டினாள்.

இனிமேல்தான் அக்கா, தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை மரம் வெட்டும் ஆட்கள் லாரியோடு வந்தார்கள். மேஸ்திரி நல்ல மனிதர், எந்த மரம் என்று கேட்டார். டாக்டர் அம்மாவின் தாளை, நகல் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, சரி என்று சான்றளித்து, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். வெட்டிய ஒவ்வொரு மரத்தின் வில்லையையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு துணிப்பையும் கொடுத்தேன். இவள் அவர்களுக்கு டீ கொடுத்துக் கொஞ்ச நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் வீட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்து கோப்பில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ரம்பம் அலறியது. ஒரு மரம் விழுந்தது, ‘ஒன்று’ என்று எழுதினேன். கிணற்றுப் பக்கம் ஒன்று விழுந்தது, ‘இரண்டு’ என்று எழுதினேன். வேலி ஓரம் ஒன்று விழுந்தது, ‘மூன்று’ என்று எழுதிவிட்டு, அடுத்து விழ வேண்டியது எது என்று தாளைப் பார்த்தேன். 30 என்று இருந்தது. முப்பது யார் என்று மூப்புப் பட்டியலைப் புரட்டினேன்.

டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்தது அத்தான் போட்ட பழைய எண். மரத்தில் இப்போது இருப்பது நான் போட்ட புதிய எண். பழைய முப்பது நோயாளி. புதிய முப்பது தங்கள் வாசல் மரம். முப்பத்தாறு வருடம் பணியமைப்புப் பிரிவில் இருந்தவனுக்கு, பெயர்ப் பட்டியல் மாறினால் பழைய உத்தரவில் இருக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும் என்று தெரியாதா? தெரியும். மற்றவர்கள் செய்த இதே தப்பை எத்தனை கோப்பில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினேன். மேஸ்திரி காதில் சத்தம் கேட்காமல் இருக்க மூடி மாட்டியிருந்தார். முக்காலி இருக்கும் இடத்தை மறந்து, பணிநீக்கத்தில் இருந்த ஏழாம் எண் தடுக்கி, அந்தப் பக்கம் போய் விழுந்தேன். கண்ணாடி எங்கோ பறந்து எதன்மேலோ மோதி உடைந்த சத்தம் கேட்டது. உலகம் பச்சையும் பழுப்புமாகக் கரைந்துவிட்டது. அந்த நிமிடம் வாசல் பக்கம் பூமி அதிர ஒரு சத்தம் வந்தது. நாற்பது வருடம் நின்ற ஒன்று விழுந்தால் வேறு எப்படிச் சத்தம் வரும். நான் அப்படியே மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் இன்னொரு சத்தமும் கேட்டது. அது என் நெஞ்சு என்று நினைத்தேன்.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் படுக்க வைத்தார்கள். இந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் சமையலறை மரத்தைப் பார்த்தது. ஒன்றாம் எண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இவள் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, “என்னங்க, வாசல்ல...” என்று ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தி, இந்த வீட்டில் இனி யாரும் வாசல் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணாடி இல்லை. “போனது போச்சு, இதுக்குப் போய் இப்படி அழுவாங்களா, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள். ஒரு பெண்ணின் நெஞ்சு இவ்வளவு கல்லாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போன வில்லைப் பை தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது. அதைத் திறந்து முப்பதாம் எண்ணைக் கையில் எடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. அந்த மரத்தில்தான் அத்தான் தபால் பெட்டியைத் திருகி வைத்திருந்தார். அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பெட்டி இல்லாத சாவி. நான்கு நாளாகப் படுத்தால் இடுப்பில் குத்துகிறது, கழற்றவும் மனம் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நல்ல மரங்கள் நான்கு போயின, நோய் மரங்கள் நான்கும் வண்டுகளுக்கு விருந்து வைத்துக்கொண்டு நிற்கின்றன, அத்தான் மரம் போய்விட்டது. தப்பு முழுவதும் என்னுடையது, இவளுக்கு இதில் பங்கு இல்லை. டேப்பைப் பிடித்ததும் ஒரு முறை கை தட்டியதும் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஆகவே தாங்கள் இருபதாம் தேதி வந்து எங்களைப் போகச் சொல்லும் சங்கடம் தங்களுக்கு வேண்டாம். பத்தொன்பதாம் தேதியே நாங்கள் வீட்டைக் காலி செய்துவிடுகிறோம். எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை. போகும் இடத்தில் மரம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். நிலத்தைத் தங்கள் மகன் இஷ்டப்படி கொடுத்துவிடலாம். அவன் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து என் காதைப் பிடித்துத் திருகிய உரிமையில் கேட்கிறேன், வாங்குகிறவரிடம் சமையலறை மரத்தின் மூப்பை மட்டும் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சாவிக் கொத்து, மூப்புப் பட்டியல், டாக்டர் அம்மாவின் தாள் மூன்றையும் சமையலறை அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். பேத்திக்கு என் முத்தம். தங்கள் மகனுக்கு என் அன்பு. தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இந்தத் தம்பியை மன்னிக்க முடிந்தால் மன்னிக்கவும், முடியாவிட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதினாலும் போதும், எனக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
தங்கள் பாதங்களைத் தொட்டு வணங்கும்,
என்றும் கீழ்ப்படிந்த தம்பி

பின்குறிப்பு: சனிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. மேலே எழுதியவற்றைத் தாங்கள் படித்திருந்தால், படிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

கடிதத்தை உறையில் போடும் முன், உங்கள் அக்காவுக்கு என்ன எழுதினீர்கள் என்று இவள் கேட்டாள். தாளை நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கட்டில் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. “நானும் வாசல் கேட்டுத் தூணுக்குத்தான் நீங்க நாலு நாளா அழுவறீங்கன்னு நெனச்சேன்” என்றாள். எந்தக் கேட்டு, எந்தத் தூண் என்று கேட்டேன். இவள் என்னைத் தோளில் சாய்த்து, முக்காலி ஏற்றி, முக்காலி இறக்கி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்து எதன்மேலோ வைத்தாள். பட்டை. சொரசொரப்பாக, வெயில் பட்டுச் சூடாக. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தகர வில்லை இருந்தது, அதில் 30 இருந்தது, அதன் கீழே அத்தானின் தபால் பெட்டி இருந்தது. லாரி பின்னால் வரும்போது இடித்துத் தள்ளியது கேட்டுத் தூணையும் கேட்டையும்தான். வாசல் மரம் நிற்கிறது அக்கா. வாசல்தான் இல்லை.

டாக்டர் அம்மா வந்த அன்றைக்கே, நோய் மரங்கள் நான்கிலும் இவள் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாளாம். டீ கொடுக்கும்போது மேஸ்திரியிடம், “அவர் குடுத்த பேப்பரைப் பத்திரமா பையில வெச்சுக்கோங்க. சிவப்புத் துணி கட்டின மரத்தை வெட்டுங்க” என்று சொல்லிவிட்டாளாம். வில்லைப் பையைத் திறந்து பார்த்தேன். 4, 11, 19, 25. நான்கும் நோய் மரங்கள். பட்டையைப் புதன்கிழமையே எரித்துவிட்டார்களாம், எனக்கு அன்று வந்த புகையை நான் என் துக்கம் என்று நினைத்திருந்தேன். ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “இருபத்தெட்டு வருஷமா உங்ககூட குப்பை கொட்டறேன். சொன்னா துணிக்கும் ஆட்சேபனை கேட்டு நோட்டீஸ் ஒட்டுவீங்க” என்றாள். உண்மைதான். ஒட்டியிருப்பேன்.

நிற்க. தபால் பெட்டியைத் திறந்தேன். தாங்கள் எழுதிய கடிதம் இருந்தது. வியாழக்கிழமை வந்திருக்க வேண்டும், தபால் முத்திரையைப் பார்த்தால் தாங்கள் நோட்டீசின் பதினான்காம் நாளே போட்டிருக்கிறீர்கள், எட்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அதைத் தாங்களே எழுதியதால் தாங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் கோப்புக்காக இங்கே ஒரு பகுதியை எடுத்து எழுதுகிறேன்: “தம்பி, உன் லிஸ்டு கெடச்சுது. குளியலறைச் சுவர் விழுந்ததைப் பொடி எழுத்துல அடியில போட்டிருக்கே, பேத்திதான் படிச்சுச் சொன்னா. வாசல் மரத்துக்கு முப்பதுன்னு போட்டிருக்கே. அது எப்பவும் ஒண்ணுதான்டா. நாங்க இந்த நெலத்தை வாங்கினப்ப மத்த முப்பதும் இருந்துச்சு. இது ஒண்ணுதான் உங்க அத்தான் தன் கையால வெச்சது. அவர் எண்ண ஆரம்பிச்சதே அங்கேருந்துதான். நெலத்தை விக்கப் போறதில்லேன்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். வீடு உங்க ரெண்டு பேருக்கும்தான். இருபதாம் தேதி சுவர் கட்ட ஆளோட வர்றேன். ஆனா மரங்க விஷயத்துல இனிமே உன் பொண்டாட்டி சொல்றதுதான் முடிவு. நீ அவளுக்குக் கீழே.”

தங்கள் ஆட்சேபனை காலக்கெடுவுக்குள் அனுப்பப்பட்டது. ஆகவே மூப்புப் பட்டியல் செல்லாது. வாசல் மரம் ஒன்றாம் எண்ணுக்குத் திரும்புகிறது. சமையலறை மரத்திடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஜன்னல் வழியாகத்தான் சொன்னேன், கால் வலிக்கிறது. கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஏழாம் எண்ணை நாளைக்கு அறுத்து எடுக்க மேல் உத்தரவு வந்திருக்கிறது.

எல்லாம் இல்லையென்று ஆன பிறகு இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துப் போடுங்கள் என்று இவள் சொன்னாள். முடியாது. அனுப்பும் பதிவேட்டில் 114 என்று காலையிலேயே ஏற்றிவிட்டேன். ஏற்றியதை அனுப்பாமல் விட்டால் பதிவேட்டில் ஓட்டை விழும். ஆகவே அனுப்புகிறேன், ரத்தானதாகக் கருதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

அக்கா, கடைசியாக ஒன்று. எனக்குப் பின்னால் சேர்ந்த இன்னொருவர் என்னைத் தாண்டி மேலே போய்விட்டார். புன்சிரிப்பு போனபோது மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவன் நான். இன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன். பதினைந்து நாள் காத்திருக்கவும் இல்லை. ‘ஆட்சேபனை இல்லை, முழு மனதுடன் சம்மதம்’ என்று தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முறைப்படி மேலதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

“தேதி போடலையே” என்றாள்.